அண்ணன் அடித்த நீலம்

சிரம்பான் நகரத்து லோபாக்கில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறையின் பின்பக்கத்தில், இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே கட்டியிருந்த கம்பியில் என்னுடைய ஹாக்கி மட்டை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடையோடு நான் அதன் முன்னால் நின்றேன். கையை நீட்டியபோது உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. "தொடாத பாப்பா. இன்னும் காயல லா. உன் விரல் அப்படியே பதிஞ்சிடும்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நிழலில் கறுப்பாகத் தெரிந்த மட்டை, காற்றில் மெல்லத் திரும்பி வெயில் பட்ட நொடியில் அடுப்புத் தீயின் நீலத்துக்கு மாறியது. யாரோ ஒரு வாடிக்கையாளரின் காருக்குக் கலக்கி மிஞ்சிய சாயம் அது. பிடியிலிருந்து வளைவு வரைக்கும் ஒரே ஒரு மஞ்சள் கோடு இழுத்திருந்தான். அதுவரை எங்கள் வீட்டில் யாரிடமும் அவ்வளவு அழகான பொருள் இருந்ததில்லை.

நாங்கள் லாபு பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா செம்பனைப் பழம் ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். அம்மாவுக்குக் காட்டு வேலை, புல் வெட்டுவதும் உதிர்ந்த பழம் பொறுக்குவதும். என்னைவிட ஆறு வயது பெரியவனான அண்ணன் படிப்பை விட்டுவிட்டு லோபாக் பட்டறைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வந்தான். நான் பள்ளியின் ஹாக்கிக் குழுவில் இடது பக்கம் ஆடினேன். எங்களிடம் இருந்ததெல்லாம் நுனி பிளந்த மர மட்டைகள்தான். விளையாட்டு ஆசிரியர் ஒரு மலாய்க்காரர். எல்லாரையும் போல நாங்களும் அவரை 'சிக்கு' என்போம், மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். ஒரு மாலை அவர் தம் பழைய கம்போசிட் மட்டையை எனக்கே எனக்கென்று கொடுத்தார். மரம் கலக்காத, கார்பன் இழைகளால் செய்த மட்டை. உள்ளுடல் நன்றாக இருந்தது. மேல் சாயம்தான் உரிந்து, எழுத்துகள் பாதி அழிந்து, சொறி பிடித்தது போலக் கிடந்தது.

அண்ணன் அதை வாங்கி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். காது வைத்துக் கேட்டான். பிறகு பட்டறைக்கு எடுத்துப் போனவன், ஒரு வாரம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பழைய சாயத்தை முழுக்கத் தேய்த்து எடுக்காமல் மேலாக மட்டும் தேய்த்தானாம். அழுத்தித் தேய்த்தால் உள்ளே இருக்கும் இழை அறுந்துவிடும், பிறகு ஒரே அடியில் மட்டை உடைந்துவிடும் என்று பயந்திருக்கிறான். அதன்மேல் அடிச்சாயம், அதன்மேல் நீலம், கடைசியில் கண்ணாடி போல ஒரு பூச்சு. மட்டையைத் திடலுக்குக் கொண்டுபோன அன்று ஆட்டமே தொடங்கவில்லை. குழுவில் இருந்த எல்லாரும் ஆளுக்கு ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் சிக்கு விசில் ஊதினார்.

அப்போதெல்லாம் நான் அந்தச் சாயத்தைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. தோட்டத்துத் திடல் செம்மண்ணும் சரளையும் கலந்தது. குனிந்து பந்தைத் தடுத்தால் மட்டையின் முனை கல்லில் உரசும். நீலம் போய் அடிச்சாயத்தின் வெள்ளை தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் ஒரு சின்னப் புட்டியும் மெல்லிய தூரிகையுமாக வாசலில் உட்காருவான். உரசின இடத்தை ஈரத்துணியால் துடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு புள்ளி வைப்பான். "நேத்து எத்தன கோல்?" என்று கேட்பான். நான் சொல்லச் சொல்ல அவன் கை நகரும். கீறல் அதிகமாக இருந்தால் அவனுக்குச் சந்தோஷம். "இப்படி அடி வாங்கியிருக்கே, நல்லா ஆடியிருக்க போலயே" என்பான்.

அந்த வருடக் கடைசியில் வீட்டில் வேறு பேச்சு தொடங்கியது. அப்பா ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். வீடு தோட்டத்தினுடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்து வேலையில் சேர்ந்தால் வீட்டை வைத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா அதை ஒரு நல்ல செய்தி போலத்தான் சாப்பிடும்போது சொன்னார்.

அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்தான். "நான் டிராக்டர் ஓட்ட வரமாட்டேன்பா. எனக்குத் தொழில் இருக்கு."

"உன் தொழில எவன் வேணாமுன்னான்? கொஞ்ச வருசம் இரு. உங்கம்மாவ நான் எங்க கொண்டு போய் வைப்பேன்?"

"கொஞ்ச வருசம், கொஞ்ச வருசமுன்னுதான்பா தாத்தாவும் இங்கயே செத்தாரு."

அப்பா தண்ணீர்க் குவளையைத் தூக்கி எறிந்தார். அது அண்ணன் மேல் படவில்லை, சுவரில் பட்டு உருண்டது. அப்பா எதையும் எறிந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். இருவர் பேசியதிலும் நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் உருண்ட குவளையை எடுத்து வைக்க எழுந்துபோனேன். மறுவாரம் அண்ணன் ஒரு பையோடு தெற்கே ஜொகூருக்குப் பஸ் ஏறினான். அங்கே பெரிய பட்டறை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. "அவன் பேச்சு இனிமே இந்த வீட்டுல வரக்கூடாது" என்றார் அப்பா. வரவில்லை. அம்மா பக்கத்து வீட்டுத் தொலைபேசியில்தான் அவனோடு பேசுவார். திரும்பி வந்து வெங்காயம் உரிப்பார்.

அண்ணன் போன பிறகு நடந்த முதல் ஆட்டத்தில் மட்டையின் வளைவில் நகம் அளவுக்குச் சாயம் பெயர்ந்தது. ஞாயிறு வந்தது, வாசலில் யாரும் உட்காரவில்லை. போன சாயம் இனிப் போனதுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அன்று தொடங்கியது என் பைத்தியம். பாடப்புத்தகத்துக்கு அட்டை போடும் கண்ணாடித்தாளை வெட்டி மட்டையைச் சுற்றினேன். அது வியர்வையில் கழன்றது. அகலமான ஒட்டுநாடாவை வாங்கி, காற்றுக்குமிழி விழாமல் அளவுகோலால் தடவித் தடவி ஒட்டினேன். முனைக்கு மட்டும் இரண்டு சுற்று. ஆடி முடித்ததும் மற்றவர்கள் தண்ணீர் குடிக்க ஓடுவார்கள். நான் மட்டையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். வெயிலில் வைக்கமாட்டேன். திடலோரத்து ரப்பர் பால்மரத்தில் சாய்க்கமாட்டேன். மற்றவர்களின் மட்டைகளோடு ஒரே பையில் போடவிடமாட்டேன். "கல்யாணப் பொண்ண கூட்டிட்டு வர்றா லா" என்று தோழிகள் கிண்டல் செய்தார்கள். அம்மா மட்டைக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தார். துணியைப் பார்த்ததும் தெரிந்தது, அது அண்ணனின் பழைய பள்ளிக் கால்சட்டை.

ஒரு மதியம் பள்ளி சீக்கிரம் விட்டு வந்தபோது, சமையற்கட்டு மூலையில் சாத்தியிருந்த மட்டையை அப்பா எடுத்துக் கொண்டுபோய் முன்னறையில் வைப்பதைப் பார்த்தேன். மண்ணெண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் அது இருந்திருக்கிறது. என்னைக் கண்டதும், "அது பட்டா சாயம் எளகிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

இந்தக் காவலால் என் ஆட்டம் கெட்டது. மட்டையின் விளிம்பைத் தரையோடு படுக்கவைத்து அடிக்கும் அடியில்தான் நான் பேர் வாங்கியிருந்தேன். சிரம்பானில் இருந்த செயற்கைப் புல் திடலில் மணல் தூவியிருப்பார்கள். அதில் விளிம்பு உரசினால் தேய்ப்புத்தாளில் இழுத்தது போல ஆகிவிடும். நான் அந்த அடியைத் தவிர்க்க ஆரம்பித்தேன். மாநிலக் குழுவுக்கான தேர்வு ஆட்டத்தில், கோலுக்கு மிக அருகில், அடிக்க வேண்டிய பந்தைத் தள்ளிவிட்டேன். சிக்கு என்னைத் தனியே அழைத்து மலாயில் மெதுவாகக் கேட்டார்: நீ எதைக் காப்பாற்றுகிறாய், பந்தையா, மட்டையையா? எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள் முதல் பள்ளியின் மர மட்டையை வாங்கி ஆடினேன். நீல மட்டை உறைக்குள் போனது. அடுத்த வருடம் மர மட்டையோடுதான் மாநிலக் குழுவில் இடம் பிடித்தேன். ஜொகூரிலிருந்து அண்ணன் அம்மாவிடம் கேட்டானாம், "என் ஸ்டிக்லதானே ஆடுறா?" என்று. அம்மா ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்.

அப்பா ஓய்வு பெற்று, தோட்டத்து வீட்டைக் காலி செய்த நாளும் மறக்கவில்லை. கட்டில், அலமாரி, சாமிப் படங்கள், கோழிக்கூண்டு எல்லாம் லாரியின் பின்னால் ஏறின. அப்பா முன்னிருக்கையில், உறை போட்ட மட்டையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். லாரிக்காரர், "பின்னால போடுங்கண்ணே, தாராளமா எடம் இருக்கு" என்றார். "இருக்கட்டும், உரசும்" என்றார் அப்பா. லோபாக்கில் ஒரு சின்ன வாடகை வீடு வரைக்கும் அவர் அதைக் கைமாற்றவில்லை.

பிறகு எல்லாருக்கும் நடப்பது எங்களுக்கும் நடந்தது. நான் வேலைக்குப் போனேன், திருமணம் ஆனது, லோபாக்கிலேயே ஒரு வீடு வாங்கினோம், பெற்றோர் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் ஜொகூரில் கல்யாணம் செய்துகொண்டான். நாங்கள் போய் வந்தோம், அப்பா போகவில்லை. அம்மா இறந்தபோது அண்ணன் வந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். அப்பா அவன் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. காரியம் முடிந்ததும் அண்ணன் வேனில் ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பாமல் நெடுநேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இந்த ஆண்டின் தொடக்கத்தில், நாற்பதைத் தொட்ட பெண்கள் சிலர் சேர்ந்து ஞாயிறு மாலைகளில் மறுபடியும் ஹாக்கி ஆட ஆரம்பித்தோம். அலமாரியின் மேலிருந்து நீல மட்டையை இறக்கினேன். உறையைக் கழற்றினால் ஒட்டுநாடா பழுத்து, தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. முன்னறையில் உட்கார்ந்து ஒரு முனையை நகத்தால் கிளப்பி இழுத்தேன். நாடா வந்தது, கூடவே நீலமும் வந்தது. நிறுத்தியிருக்கலாம். இந்தப் பக்கமாவது ஒழுங்காக வரும் என்று இன்னொரு முனையை இழுத்தேன். வெள்ளை அடிச்சாயத்தோடு பட்டை பட்டையாக உரிந்தது. மஞ்சள் கோட்டில் பாதி நாடாவோடு போய்விட்டது. அடியில் சிக்குவின் மட்டையினுடைய பழைய சிவப்பும் அழிந்த எழுத்துகளும் தெரிந்தன. கல்லும் மணலும் செய்யாததை, அதைக் காப்பாற்ற நான் ஒட்டியது செய்துவிட்டது. மடியில் அந்தப் பட்டைகளை வைத்துக்கொண்டு, இந்த வயதில், சத்தமில்லாமல் அழுதேன்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். எண்பதை நெருங்கிய கால்கள், மெதுவாகத்தான் வருவார். ஒரு பட்டையை எடுத்து, பெயர்ந்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். கையை எடுத்ததும் அது சுருண்டு விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. பட்டையை என் மடியிலேயே போட்டுவிட்டுக் கேட்டார், "அவன் நம்பர் இருக்கா?"

"யாரு நம்பர்பா?" தெரிந்தேதான் கேட்டேன்.

"உங்கண்ணன்தான். வரச் சொல்லு."

அண்ணன் அந்த வாரக் கடைசியிலேயே வந்துவிட்டான். வேனில் சின்னக் காற்றழுத்த இயந்திரமும் சாய டின்களும் இருந்தன. கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றான். தலையெல்லாம் நரைத்திருந்தது. அப்பா கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு, மட்டையை மடியில் வைத்திருந்தார். வா என்று சொல்லவில்லை. மட்டையைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பக்கம்தான் ரொம்ப மோசமா இருக்கு" என்றார். அண்ணன் வந்து அவர் காலடியில் குந்தி உட்கார்ந்து மட்டையை வாங்கினான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான்பா அடிக்கணும். மேலால அடிச்சா நிக்காது."

"பழைய நீலம் கெடைக்குமா?"

"அந்தக் காரே இப்ப ரோட்டுல இல்லப்பா. கிட்டத்தட்ட வர்ற மாதிரி கலக்குறேன்."

அவன் தேய்க்கத் தொடங்கினான். உள்ளே இருக்கும் இழை அறுந்துவிடாமல், அழுத்தாமல். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் தேய்த்து முடித்ததும், "பட்டறை உன்னோடதா?" என்றார்.

"ஆமாம்பா."

"வீடு?"

"வீடும் சொந்தம்தான்."

"யாரும் வெளிய போன்னு சொல்ல முடியாது?"

அண்ணனின் கை நின்றது. "முடியாதுப்பா. யாரும் சொல்ல முடியாது."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும் என்று விரலால் காட்டினார்.

புது நீலம் பழையதைவிடக் கொஞ்சம் வெளிர். நான் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. கிளம்பும்போது அண்ணன் என் தலையில் தட்டி, "டேப்பு கீப்பு ஒட்டுன, அடுத்த தடவ வரவே மாட்டேன். நல்லா ஆடு லா" என்றான். முதல் ஞாயிற்றுக்கிழமையே விளிம்பைப் படுக்கவைத்து அடித்தேன். முனையில் உரசல் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா மட்டையை வாங்கிப் பார்த்து, "இங்க போயிருச்சி பாரு, அவன கூப்பிடு" என்றார். அண்ணன் வந்தான். அடுத்த மாதமும் வந்தான், அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.

போன ஞாயிறு மழை. கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் திரும்பிவிட்டோம். அப்பா வழக்கம்போலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மட்டையை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. இன்னொரு முறை முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, முகம் வாடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இன்னிக்கு நீ ஆடவே இல்லியா?"