எண்ணூறு கஜத்துக் காற்று

சுட வேண்டும் என்று நான் போகவில்லை. தட்டு தூக்கத்தான் போனேன்.

எங்கள் தங்கச் சுரங்கத்தில் வெள்ளைக்காரர்களும், சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்கிற ஆங்கிலோ இந்தியர்களும் சேர்ந்து ஒரு வாலண்டியர் படை வைத்திருந்தார்கள். யாரோடு சண்டை என்று கேட்காதீர்கள், அவர்களுக்கே தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் பக்கத்திலிருக்கிற பாலகாட் சுரங்கத்து மேட்டில் படுத்துக்கொண்டு குறி சுடுவார்கள். குறிப்பலகையின் கீழே ஆள் ஆழத்துக்கு ஒரு குழி. அதில் உட்கார்ந்து, குண்டு எங்கே விழுந்தது என்று பார்த்து, கழியில் கட்டிய தட்டைத் தூக்கிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். நடுக் கறுப்பில் விழுந்தால் வெள்ளைத் தட்டு. பலகையையே தொடாவிட்டால் சிவப்புக் கொடியை ஆட்ட வேண்டும்.

அப்போது எனக்கு ஷாப்ட் வாயில், அதாவது சுரங்கக் கிணற்றின் மேல்விளிம்பில், மணி அடிக்கிற வேலை. கீழேயிருந்து மணி வரும். அதை எண்ணி, இன்ஜின் ஓட்டுகிறவருக்கு நான் மணி கொடுப்பேன். ஆள் போகிற இரும்புக் கூண்டான கேஜை அவர் ஏற்றுவார், இறக்குவார். ஒரு மணி கூடிப்போனாலும் குறைந்துபோனாலும் உயிர் போகும். எண்ணிக்கை பிசகாதவன் என்று துரை என்னைத் தட்டு தூக்கக் கூப்பிட்டார். துரை என்றால் சுரங்கத்து மேனேஜர். படைக்கும் அவர்தான் தலைவர்.

மணி அடிக்கிறவனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சுரங்கத்தில் நடக்கிற ஒவ்வொரு சாவையும் அவன்தான் முதலில் கேட்கிறான். அடிபட்டவனையோ செத்தவனையோ ஏற்றினால் அதற்குத் தனி மணி. இன்ஜின்காரர் கேஜை மெதுவாக இழுப்பார். ஷாப்டுக்கு மேலே நிற்கிற, கேஜின் கயிறு ஓடுகிற பெரிய சக்கரம் தூங்கிவழிகிற மாதிரி சுற்றும். கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் இருக்கிற பெண்கள் அதைப் பார்த்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாப்டைப் பார்த்து நடப்பார்கள். யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வருஷம் அந்த மணி வந்தபோதெல்லாம் யார் என்று எட்டிப் பார்த்தேன். இரண்டாவது வருஷம் மணியை மட்டும் எண்ணினேன். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை; வெட்கப்பட்டும் சொல்லவில்லை. அப்படித்தான் ஆகிவிட்டேன்.

குழியில் ஆறு மாதம் உட்கார்ந்தேன். எண்ணூறு கஜம் தாண்டி வருகிற குண்டு எப்படி வரும் என்று சுடுகிறவனுக்குத் தெரியாது, குழியில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். ஒரே ஆள், ஒரே துப்பாக்கி, ஒரே மாதிரி குறி; ஒரு குண்டு கறுப்பில் விழும், அடுத்தது நாலடி தள்ளிப் போகும். மேலே படுத்திருக்கிறவன் துப்பாக்கியைத் திட்டுவான். துப்பாக்கி என்ன செய்யும் பாவம்? அந்தத் தூரத்துக்குக் குண்டு வந்து சேருவதற்குள் இரண்டு வார்த்தை பேசிவிடலாம். அதுவரைக்கும் காற்று சும்மா இருக்குமா?

ஒரு சனிக்கிழமை பந்தயத்துக்கு எட்டுப் பேர் வேண்டியிருந்தது. எட்டுப் பேரும் வந்திருந்தார்கள், ஆனால் ஏழு பேர்தான் நிதானத்தில் இருந்தார்கள். துரை கோபத்தில் என்னைக் குழியிலிருந்து மேலே வரச்சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோட்டு போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன் என்பதால் என்னைப் படையில் சேர்க்கச் சட்டம் இடம் கொடுத்ததாம். இந்தச் சட்டம் அன்றைக்கு மத்தியானம்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

முதல் நாள் நான் பலகையையே தொடவில்லை. எனக்குப் பதிலாகக் குழியில் இருந்தவர் கொடியை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்துபோனார். துப்பாக்கி உதைத்த உதையில் தோள் பழுத்துவிட்டது. மறுநாள் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் என் மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "இன்னாத்துக்கு இந்த வேண்டாத வேல? கழுத கிட்ட போய் ஒத வாங்குனா மாதிரி" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போனேன். படுத்து, முழங்கையை மண்ணில் ஊன்றி, துப்பாக்கியின் பின்குறியை ஏணி மாதிரி நிமிர்த்திவைத்துப் பார்த்தால், எண்ணூறு கஜத்தில் அந்தக் கறுப்பு வட்டம் ஊசித் தலை அளவுதான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் மணி இல்லை, கேஜ் இல்லை, ஒன்றும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் எங்களோடுதான் இருந்தான். சுரங்கத்துக்குள் கீழே லெவலில் பாறையில் சுத்தியல் அடிக்கிற வேலை. எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பது சின்ன வயசிலிருந்தே அவன் வழக்கம். அண்ணா உன் சட்டைய குடு, அண்ணா கொஞ்சம் பொகையில குடு, அண்ணி இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க. கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிறவன். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் கொடுத்துவிடுவேன்.

அந்த வருஷம் கீழே பாறை வெடித்துச் சரிந்தது. தம்பியும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் இன்னொருவனும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஒரு நாள் முழுக்க. வெளியே எடுத்தபோது மூன்றாவது ஆள் செத்துக் கிடந்தான். தம்பி அவன் தலையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஷிப்டுக்குப் போகும் முன் வாந்தி எடுத்தான். கஞ்சி உள்ளே போகும், அப்படியே வெளியே வரும். வாயைத் துடைத்துக்கொண்டு கேஜில் ஏறுவான். நான்தான் கதவைச் சாத்தி மணி அடிப்பேன்.

"அண்ணா, மேல எங்கனா ஒரு வேல பாத்துக் குடுண்ணா. மில்லுல, ஷெட்டுல, எங்கனா. என்னால ஆவல" என்றான் ஒருநாள்.

எனக்கென்ன செல்வாக்கு? மணி அடிக்கிறவன் சொல்லி யார் கேட்பார்கள்? வேலையை விட்டால் லைன் வீட்டை விட வேண்டும். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மழை பெய்து நாலு வருஷம் ஆகியிருந்தது. "பாக்கலாம்" என்றேன்.

பெங்களூர் தண்டு, அந்த ராணுவ முகாமிலிருந்து சோல்ஜர்கள் வருஷத்துக்கு ஒருமுறை எங்களோடு பந்தயம் சுட வருவார்கள். ஒரு வெள்ளிக் கோப்பைக்காக. அது எங்கள் சுரங்கத்துக்கு வந்ததே இல்லை. அந்தக் கோப்பையைத் தன் மேஜைமேல் வைத்துவிட வேண்டும் என்று துரைக்கு வெறி. நான் கறுப்பில் போட ஆரம்பித்துவிட்ட சமயம் அது. துரை ஒருநாள் ஷாப்ட் வாய்க்கே வந்து, "கோப்பை வந்தால் உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நான் யோசிக்கவில்லை. தம்பியை மேலே வேலைக்கு எடுக்க வேண்டும் என்றேன். "சரி. வந்தால் எடுக்கிறேன். வராவிட்டால் என்னிடம் கேட்காதே" என்றார். சும்மா சொல்லக்கூடாது, சொன்ன சொல் மாறாத ஆள்.

வீட்டில் வந்து சொன்னேன். தம்பி அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

நான் நன்றாகச் சுட்டதற்குக் காரணம் கண்ணும் இல்லை, கையும் இல்லை. மற்றவர்கள் எல்லாம் காற்றைப் பார்க்க மேட்டில் நட்டிருந்த கொடியைப் பார்த்தார்கள். மேட்டைச் சுற்றிக் காற்று சுழலும், கொடி பொய் சொல்லும். நான் துரையின் தூரக்கண்ணாடியை வலப்பக்கம் திருப்பி எங்கள் ஷாப்டைப் பார்த்தேன். இன்ஜின் வீட்டுக் கூரையில் ஆவி போகிற குழாய் ஒன்று உண்டு. தினமும் பத்து மணி நேரம் அதன் கீழே நிற்கிறவன் நான். ஆவி எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தால், கறுப்புக்கு எத்தனை முழம் தள்ளிக் குறி வைக்கலாம் என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு தொல்லை. கேஜை வேகமாக இழுக்கும்போது ஆவி பீய்ச்சிக்கொண்டு நேராக மேலே போகும். அப்போது காற்று பிடிபடாது. இழுப்பு நிற்கிற வரை காத்திருக்க வேண்டும்.

பந்தயத்து அன்றைக்கு எனக்கு லீவு. மணிக்கு வேறு ஆள். தம்பி காலை ஷிப்டு. போகும்போது வாந்தி எடுத்தான், வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கோட சரிதானேண்ணா?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன்.

ஆளுக்கு ஏழு குண்டு. எங்களில் நான் கடைசி. நாலு குண்டு சுட்டு முடித்தபோது துரை என் பக்கத்தில் குனிந்து, இனி மூன்றும் கறுப்பில் விழுந்தால்தான் கோப்பை என்றார். அவர் வாயில் விஸ்கி நாற்றம்.

காற்று பார்க்கத் தூரக்கண்ணாடியைத் திருப்பினேன்.

சக்கரம் மெதுவாகச் சுற்றியது.

எனக்குத் தெரியாமல் இருக்குமா? நாலு வருஷமாக அந்தச் சக்கரத்தை அப்படிச் சுற்றவைக்க மணி அடித்தவன் நான். லைனிலிருந்து சேலைகள் ஷாப்டைப் பார்த்து நகர்வதும் தெரிந்தது. கீழே என் தம்பி இருக்கிறான் என்பதும் தெரிந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். கரைக்கவில்லை. கேஜ் மெதுவாக வருவதால் ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. குழாயை விட்டதும் அப்படியே காற்றோடு சாய்ந்தது. அவ்வளவு சுத்தமாகக் காற்றை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு முதலில் தோன்றியது அதுதான். நல்லது, காற்று தெரிகிறது.

இடப்பக்கம் இரண்டு முழம் தள்ளிக் குறிவைத்துச் சுட்டேன். வெள்ளைத் தட்டு எழுந்தது. திரும்பக் கண்ணாடியில் பார்த்தேன், சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, ஆவி கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. ஒன்றரை முழம் வைத்தேன். வெள்ளைத் தட்டு. மூன்றாவது குண்டுக்கும் பார்த்தேன். சேலைகள் ஷாப்ட் வாயில் கும்பலாக நின்றன. ஆவி அதேபடி. ஒன்றரை முழம். வெள்ளைத் தட்டு.

துரை தொப்பியைத் தூக்கிப் போட்டார். யாரோ என் முதுகில் அறைந்தார்கள். நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கோட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ஷாப்டுக்கு நடந்தேன். ஓடவில்லை.

தம்பி ஷாப்ட் வாயில் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். அவன் ரத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் போய்விட்டார். முதல் சரிவில் இவனோடு பிழைத்து வந்தவர். அவரை கேஜில் மடியில் போட்டுக்கொண்டு இவன்தான் மேலே கொண்டுவந்தான். என் மனைவி அந்த வீட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவின் கையில் கரண்டி இருந்தது, கூட எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். நான் தம்பியைத் தூக்கி நிறுத்தினேன்.

"கெடச்சிச்சாண்ணா?" என்று கேட்டான்.

"கெடச்சிது" என்றேன்.

திங்கட்கிழமை துரை சொன்னபடி அவனை மில்லுக்கு மாற்றினார். ஒரு வாரத்தில் வாந்தி நின்றது. ஒரு மாதத்தில் கன்னத்தில் சதை பிடித்தது. என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்: அவங்கண்ணன் சுட்டு வாங்கிக் குடுத்த உசுரு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தம்பி தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"அண்ணா, அந்த மேட்டுலேர்ந்து சக்கரம் தெர்யுமா?"

"தெர்யும்."

"அன்னிக்கி மெதுவா சுத்துனது?"

"பாத்தேன்."

"எத்தினி குண்டு பாக்கி இருந்துது?"

"மூணு."

என் மனைவி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். தம்பி கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான். "நான்தான்னு நெனச்சியாண்ணா?" என்றான்.

ஆமாம் என்றிருக்கலாம். உனக்காகத்தான் சுட்டேன், எழுந்து ஓடிவந்திருந்தால் நீ இன்னும் கீழேதான் இருப்பாய் என்றிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அவன் அதைக் கேட்கவில்லை.

"இல்ல. காத்து நல்லா தெரியுதேன்னு நெனச்சேன்" என்றேன்.

அவன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். கை கழுவினான். "கொழம்பு நல்லாருந்துது அண்ணி" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

சண்டை ஒன்றும் இல்லை. எங்களோடுதான் இருந்தான், பிறகு கல்யாணம் ஆகி அடுத்த லைனுக்குப் போனான், பண்டிகைக்கு வருவான், பெரியப்பாவுக்கு ஸ்தோத்திரம் சொல் என்று பிள்ளைகளை என் பக்கம் தள்ளுவான். நான் அடுத்த வருஷமும் சுட்டேன், அதற்கடுத்த வருஷமும். நன்றாகவே சுட்டேன். இன்றைக்கு அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இன்றுவரை, ஒரு துண்டு புகையிலைகூட அவன் என்னிடம் கேட்டதில்லை.