வலது மூலைப் பொத்தான்

இரும்பைச் செதுக்கும் பழைய சி.என்.சி. மில்லிங் மெஷின்களுக்குப் புதிய மூளை வைப்பது என் பிழைப்பு. இரும்பு உடம்பு அப்படியே இருக்கும். அதை ஆட்டுவிக்கும் கன்ட்ரோலர், மோட்டார், ஒயர், ஆபரேட்டர் நின்று இயக்குகிற பேனல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவேன். வேலை தெரிந்தவன் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. யாராவது யோசனை சொன்னால் சுருக்கென்று கோபம் வரும்.

புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறையில் வால்வு மூடிகள் செய்கிறார்கள். அங்கிருந்த மெஷினின் திரை அடிக்கடி அணைந்துபோய், உதிரி பாகம் எங்கும் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டார்கள். அதை ஓட்டியவர் அன்னவாசல் பக்கத்துக்காரர். பதினேழு வருடமாக அந்த ஒரே மெஷினின் முன்னால் நின்றவர். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் என்னை சார் என்பார். நான் அவரை அண்ணே என்பேன்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு மூடிக்கும் பாதி வேலையில் மெஷின் தானாக நிற்கும்படி புரோகிராம் எழுதியிருந்தது. செதுக்கி விழுந்த இரும்புச் சுருளைத் தள்ளி, மூடியைப் பிடித்திருக்கும் கிளாம்பை இறுக்கி, பச்சைப் பொத்தானை அமுக்கினால் மறுபடி ஓடும். அந்தக் காலத்து மெஷின், கதவு கிடையாது. நின்றுவிட்டதே என்று மற்றவர்கள் சும்மா கையை விடுவார்கள். இவர் விடமாட்டார். இடது கை உள்ளே போகும்போதே, வலது கை பேனலின் வலது மூலையில் இருக்கும் சிவப்பு நிறுத்தப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டும். கண் அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது.

"செத்த பாம்பையே அடிக்கிறீங்களேண்ணே" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன்.

"இருக்கட்டும் சார், ஒரு நிம்மதி" என்றார்.

நான் போட்ட பேனலில் வலது மூலைக்குப் பச்சை வந்தது, சிவப்பு இடது பக்கம் போனது. அதற்கு ஒரு காரணமும் இல்லை. வேறொரு மெஷினுக்குப் போட்டு வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்து அப்படியே ஒயர் இழுத்துவிட்டேன். ஒப்படைத்த சனிக்கிழமை காலை அவர் பேனலை ஒரு நிமிடம் பார்த்தார்.

"சார், செவப்ப மட்டும் பழையபடி இங்கிட்டே வச்சுருங்களேன். கை இங்கதான் வரும்."

நான் டூல் பெட்டியைப் பூட்டியிருந்தேன். "ரெண்டு நாள்ல பழகிரும்ணே. கண்ணு எதுக்கு இருக்கு?" என்றேன். பக்கத்தில் நின்ற ஓனர் சிரித்தார். கேட்டவரும் சிரித்து வைத்தார்.

பஸ் ஸ்டாண்ட் அருகே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓனரின் போன் வந்தது. மூன்று மூடிகள் நன்றாக ஓடியிருக்கின்றன. மூன்றுக்கும் அவர் பார்த்துப் பார்த்து அமுக்கியிருக்கிறார். நான்காவதில் மெஷின் நின்றதும் இடது கை உள்ளே போயிருக்கிறது, வலது கை வலது மூலையைத் தட்டியிருக்கிறது. கட்டர் சுழன்றுவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அஜாக்கிரதையான ஆளாக இருந்திருந்தால் எதையும் தட்டாமல் கையை விட்டிருப்பார், பத்து விரலும் இருந்திருக்கும்.

நான் திரும்பிப் போனபோது மெஷினைத் துடைத்திருந்தார்கள். "பேனல்ல ஏதும் கோளாறுங்களா?" என்று ஓனர் கேட்டார்.

"ஒரு கோளாறும் இல்லைங்க" என்றேன். பச்சையை அமுக்கினால் ஓடியது, சிவப்பை அமுக்கினால் நின்றது.

"அப்ப ஆபரேட்டர் மிஸ்டேக்தான்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். காலையில் அந்த மனுஷன் கேட்டதும் நான் மறுத்ததும் ஓனருக்கு நினைவிருந்ததா, தெரியாது. எனக்கு இருந்தது. சொல்வதற்கு ஒரு முழு மதியம் இருந்தது. சொல்லவில்லை. பயம், வேறொன்றும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. செட்டிங் பார்க்க வேண்டும் என்று சாவி வாங்கிப் போய், பேனலைத் திறந்து இரண்டு பொத்தான்களையும் இடம் மாற்றினேன். இனி யாருக்கும் இப்படி ஆகக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முந்தின நாள் செய்திருந்தாலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

மருத்துவமனைக்கு ஒருமுறை போனேன். அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். "பட்டன் எடம் மாறிருச்சு, எடம் மாறிருச்சுன்னு பொலம்பிக்கிட்டே இருக்காருங்க" என்றார் அவர் மனைவி. பழப் பையை வைத்துவிட்டு, அவர் விழிப்பதற்குள் கிளம்பி வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து வேறொரு மெஷினுக்காக அந்தப் பட்டறைக்குப் போனேன். அன்றுதான் அவரும் வேலைக்குத் திரும்பியிருந்தார். மெஷினில் இல்லை, செய்த மூடிகளை அளந்து பார்க்கிற மேஜையில். சாப்பாட்டு நேரத்தில் மெல்ல அந்த மெஷினிடம் வந்தார். நான் பின்னால் நிற்பது தெரியாமல் வலது கையை நீட்டினார். கை நேராகச் சிவப்பின் மேல் போய் நின்றது. கையை எடுத்து மறுபடியும் அங்கேயே வைத்துப் பார்த்தார். திரும்பியபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"செவப்பு இங்கதானே சார் இருக்கு" என்றார். "நான் கேட்டதும் மாத்திக் குடுத்துட்டுத்தான் போயிருக்கீங்க. எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே சரியா நெனப்புல இல்ல. அப்படித்தானே சார்?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே" என்றேன்.

"அப்ப நான்தான் எதையோ அமுக்கியிருக்கேன்" என்று தலையை ஆட்டினார். பிறகு, இரண்டு விரல் இல்லாத இடது கையையும் வலது கையோடு சேர்த்து என் முன்னால் கும்பிட்டார். "வீட்ல ஒங்கள ரொம்பத் திட்டிப்புட்டேன் சார். மனசுல வச்சுக்காதீங்க."

"பரவாயில்லண்ணே" என்றேன்.