பின்னால் நின்று பார்க்க ஓர் ஆள்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பொம்மிடிக்குப் போகும் சாலையில், வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது பாஞ்சாலியின் வீடு. வீட்டைவிட, வாசலில் நிற்கும் இரண்டும்தான் முதலில் கண்ணில் படும். ஒன்று, இருபது வருஷம் ஓடித் தேய்ந்த வெள்ளை பிக்கப் வண்டி. இன்னொன்று, அதன் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் கான்கிரீட் கலவை மெஷின். அக்கம்பக்கத்து ஊர்களில் யார் வீட்டுக்குத் தளம் போட்டாலும் அந்த மெஷின் போகும். ஓட்டிப் போகிறவள் பாஞ்சாலி. வயது நாற்பத்தொன்பது.

முன்பு ஓட்டியது அவள் புருஷன் மாதையன். அவன் ஓட்டிய பதினாலு வருஷமும் பாஞ்சாலியின் இடம் வண்டிக்குப் பின்னால்தான். அவன் ரிவர்ஸ் எடுத்தால் "வரலாம், வரலாம்... போதும்" என்று கை காட்டுவாள். மேட்டில் நிறுத்தினால் டயருக்குக் கட்டை போடுவாள். காலையில் கிளம்பும் முன் அவன் பிரேக்கை மிதிக்க, இவள் பின்னால் போய் நின்று சிவப்பு விளக்கைப் பார்த்து "எரியுது" என்பாள். அவன் ஒரு தடவை ஹாரன் அடிப்பான். பிறகு இவள் ஓடிவந்து ஏறிக்கொள்வாள்.

மூன்று வருஷத்துக்கு முன், மெணசியில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தபோது மாதையன் மணல் குவியல்மேல் உட்கார்ந்தான். நெஞ்சை அடைக்கிறது என்றான். அவ்வளவுதான்.

ஓசூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் சந்தியா, "ரெண்டையும் வித்துட்டு எங்கூட வந்துரும்மா" என்று அழுதாள். பாஞ்சாலி போய் இருபது நாள் இருந்து பார்த்தாள். மருமகன் தங்கமானவர். ஆனால் இருவரும் வேலைக்குப் போனபின் மூன்றாவது மாடியில் பூட்டிய கதவுக்குள் பகல் நகரவே இல்லை. ஊருக்குத் திரும்பினாள். பிறந்த வீட்டில் டிராக்டர் ஓட்டிய கை. முறைப்படி லைசென்ஸ் எடுத்தாள். வறண்டு கிடந்த ஏரிக்குள் மெஷினை மாட்டிக்கொண்டு போய், ஒரு மாசம் தனியாக ரிவர்ஸ் பழகினாள். மெஷின் இடது பக்கம் திரும்ப ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். அது கைக்குப் படிவதற்குள் அழுகையே வந்துவிட்டது. பார்க்கத்தான் யாருமில்லையே என்று அழுதும் தீர்த்தாள்.

ஆரம்பத்தில் மாதையன் செய்தபடியே செய்தாள். முப்பது மூட்டை சிமெண்ட், மூட்டைகள் மேல் எட்டு ஆட்கள், பின்னால் மெஷின். மெஷினுக்கு விளக்குகூடக் கிடையாது, ஒரு சிவப்புத் துணி தொங்கும். அப்படி ஒருநாள் பொம்மிடி பக்கம் ஒரு சரிவில் இறங்கும்போது முன்னால் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினாள். வண்டி நிற்கவில்லை. மெஷினுக்குத் தனி பிரேக் ஏது? அது பாட்டுக்குப் பின்னாலிருந்து தள்ளியது. இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டே கியரை இறக்கி, சாலையோர மண்ணில் இறக்கி ஒருவழியாக நிறுத்தினாள். ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. ஆட்கள் சிரித்தபடி இறங்கி, "தப்பிச்சோம்டா சாமி" என்று பீடி பற்றவைத்தார்கள். பாஞ்சாலி மட்டும் இறங்கி, டயர்கள் இழுபட்டு வந்த தடத்தைத் திரும்ப நடந்து பார்த்தாள்.

அந்த வாரமே வண்டியின் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்டப் போன இடத்தில் அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "புதுசுல இழுத்த பாரத்த இதால இப்ப இழுக்க முடியாதும்மா. மெஷின மாட்டினா பின்னாடி எதுவும் ஏத்தாதீங்க. ஆளுங்கள பின்னாடி ஏத்தறது எப்பவுமே சட்டப்படி தப்பு" என்றார். பாஞ்சாலி தலையாட்டிவிட்டு வந்தாள். மெஷினின் பின்பக்கம் இரண்டு விளக்கு, நம்பர் பிளேட், ஒளிரும் பட்டை எல்லாம் வைத்தாள். வண்டியையும் மெஷினையும் இணைக்கும் பின்னுக்குத் துணையாகக் கனத்த சங்கிலி ஒன்றைக் குறுக்கே போட்டாள். பிரேக் கட்டைகளை மாற்றினாள். அதற்குப்பின் மெஷினோடு ஒரு மூட்டை ஏற்றவில்லை. ஆட்களும் ஏறக்கூடாது என்றாள்.

"மாதையண்ணன் இருக்கையில இப்படியெல்லாம் இல்லீங்களே" என்று முகத்தைச் சுளித்தார்கள். பிறகு பஸ்ஸில் வரத் தொடங்கினார்கள். அவர்களோடு அவர்கள் பேச்சும் போய்விட்டது. முன்பெல்லாம் பின்னாலிருந்து கேட்கும் சண்டையும் கிண்டலும் பாட்டும் இல்லாமல், என்ஜின் சத்தமும் சங்கிலிச் சத்தமும் மட்டும் கூட வந்தன. இரண்டு மேஸ்திரிகள் அவளைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். பச்சியப்பன் மேஸ்திரி ஒருவர்தான் மிச்சம்.

பிரேக் விளக்கைப் பார்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. உள்ளே மிதித்துக்கொண்டு வெளியே எப்படிப் பார்ப்பது? ஒரு வேப்பங்கம்பை அளவாக வெட்டி, சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே முட்டுக் கொடுத்துவிட்டு இறங்கிப் பின்னால் போவாள். இரண்டும் எரிந்தால் "எரியுது" என்று வாய்விட்டுச் சொல்வாள். கொஞ்ச நாளில் அதைச் சொல்வதும் நின்றுபோனது.

போன தை மாசம் பச்சியப்பன் போன் செய்தார்.

"யக்கா, சித்தேரி மலையில ஒரு வூடு. தளம் போடணும். சிமெண்டும் மேல கெடைக்காது. மெஷினோட சேத்து எடுத்துட்டு வந்துருங்க, ஒரே நடையில முடிஞ்சுரும்."

"ரெண்டு நடையா வர்றன் மேஸ்திரி. மொத நாளு சிமெண்டு, மறுநாளு மெஷினு."

"டீசலு வீணாவுங்களேக்கா."

"ஆவட்டும். மலையில நான் ஏத்த மாட்டன்."

சொன்னபடியே முதல் நாள் சிமெண்டைக் கொண்டுபோய் இறக்கினாள். மறுநாள் விடிந்ததும் மெஷினோடு ஏறினாள். முதல் கியரிலேயே பாதி மலை. ஒவ்வொரு வளைவிலும் மெஷின் உட்பக்கம் வெட்டி வரும் என்பதால், எதிரே வண்டி வருகிறதா என்று நின்று பார்த்து, அகலமாகத் திருப்பி ஏறினாள். ஒன்பது மணிக்கு வேலை தொடங்கி மூன்று மணிக்குத் தளம் முடிந்தது.

வீட்டுக்காரி தங்கம்மாள் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை போடும்போது பாஞ்சாலி பின்னையும் சங்கிலியையும் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு வா சாப்ட்டுட்டுப் போலாமில்ல?" என்று தங்கம்மாள் வந்து கேட்டாள்.

"வெளிச்சத்துலயே எறங்கிரணும்மா. ஏறறதவிட எறங்கறதுதான் பயம்."

கம்பை முட்டுக் கொடுத்து விளக்கைப் பார்த்தாள். இரண்டும் எரிந்தன. கிளம்பினாள். பின்னால் யாரோ ஏதோ சொல்ல, பந்தியே சிரிப்பது கேட்டது. அவளைப் பற்றி இல்லை என்று தெரியும். இருந்தும் அந்தச் சிரிப்பு முதல் வளைவுவரை கூடவே வந்தது.

இறக்கத்திலும் முதல் கியர்தான். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பதால் என்ஜினையே பிடிக்கவிட்டு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் அழுத்தி விட்டாள். ஒரு இடத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது மெஷின் ஒரு குலுங்கு குலுங்கியது. அடுத்த வளைவில் கண்ணாடியில் அரசு பஸ் ஒன்று தெரிந்தது. ஒதுங்க இடமில்லை. டிரைவர் ஹாரன் அடிப்பான், எல்லோரும் ஜன்னலில் தலையை நீட்டித் திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். பஸ் சத்தமில்லாமல் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

இரண்டு வளைவு தாண்டி அகலமான இடம் வந்தது. ஒதுங்கி நிறுத்தி, இறங்கி டயர்களுக்குக் கட்டை போட்டாள். பஸ் கடந்து போகாமல் பக்கத்திலேயே நின்றது. நரைத்த மீசையோடு டிரைவர் இறங்கி வந்தார்.

"ஏம்மா, உங்க மெஷின்ல வலது பக்க லைட்டு எரியலீங்க. நீங்க பிரேக் அடிக்கறப்பெல்லாம் பாத்துட்டே வர்றன்."

பாஞ்சாலி குனிந்து பார்த்தாள். பள்ளத்தில் குலுங்கியபோது ஒயர் இணைப்பு விட்டிருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்துவந்து முறுக்கிச் சுற்றினாள்.

"போய் மிதிங்க, நான் பாக்கறன்" என்றார் அவர்.

ஏறி உட்கார்ந்து மிதித்தாள்.

"எரியுதுங்க."

பதினாலு வருஷம் வண்டிக்குப் பின்னால் நின்று அவள் சொன்ன சொல். அவளுக்கு அதை இன்னொருவர் சொல்வது இதுதான் முதல் தடவை. காலை எடுத்தாள். தேவையே இல்லை என்று தெரிந்தும், "இன்னொருக்கா பாருங்கண்ணா" என்று கத்தி, மறுபடியும் மிதித்தாள்.

"ரெண்டும் நல்லா எரியுதுங்கம்மா."

பஸ்ஸில் யாரோ "நேரமாவுதுங்க" என்று குரல் கொடுத்தார்கள். டிரைவர் அவள் ஜன்னலோரம் வந்தார். முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "நான் முன்னால போறன். நீங்க பைய வாங்க, அவசரமில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பஸ் வளைவில் மறைந்தபின் சக்கரங்கள் ஆறும்வரை, கட்டை போட்ட வண்டிக்குள் உட்கார்ந்தே இருந்தாள். கீழே சமவெளியில் மரவள்ளித் தோட்டங்கள்மேல் வெயில் சாய்ந்திருந்தது. எங்கோ ஒரு மாடு கத்தியது. அதைத் தவிர வேறு சத்தமில்லை.

ஊருக்குள் நுழைந்தபோது அந்த பஸ் நின்றிருந்தது. அந்த மனிதர் டீக்கடை ஓரம் கிளாசோடு நின்றார். மலையில் சொல்லாமல் விட்ட நன்றியைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வேகத்தைக் குறைத்தாள். ஆனால் வண்டியும் மெஷினுமாகச் சேர்ந்து நிற்க அந்தத் தெருவில் இடம் ஏது? இருபுறமும் பைக்குகள், தள்ளுவண்டிகள், பின்னால் வரிசையாக ஹாரன்கள். ஹாரனை ஒருமுறை சின்னதாக அடித்தாள். அத்தனை இரைச்சலில் அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பச்சியப்பன் போனில் வந்தார். பொம்மிடியில் அடுத்த புதன்கிழமை ஒரு தளம், சிமெண்டுக்கு வேறு வண்டி சொல்லிவிட்டாராம், மெஷின் மட்டும் வந்தால் போதுமாம்.

"வர்றன் மேஸ்திரி" என்று வைத்துவிட்டு, பாஞ்சாலி சிமெண்ட் ஒட்டிக்கிடந்த மெஷின் டிரம்மைச் சுத்தியலால் தட்டிக் கழுவ உட்கார்ந்தாள்.