மடிக்கு மேலாகப் போன அப்பத்தட்டு

மடுல்சீமை ஓடையில் எனக்கும் மகளுக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. எங்கள் பாப்டிஸ்ட் சபையில் தண்ணீரில் முழுக்க மூழ்கி எழ வேண்டும். மகள் எழுந்துவிட்டாள். நான் முழங்கால் நனைந்ததுமே நின்றுவிட்டேன். என் தம்பியை அடித்துக்கொண்டு போன ஓடை அது.

"வாங்கம்மா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள் மகள்.

"வேணாம் பாப்பா, அடுத்த தடவை பார்ப்போம்" என்று கரையேறிவிட்டேன்.

"பீலியில கொட்டுற மலைத் தண்ணியில குளிக்க மட்டும் பயமில்லையோ?" என்று யாரோ சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு சபையில் அப்பம் பகிரும் திருவிருந்து. ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டுமே அப்பம். நீளப் பலகை வாங்கில் கணவருக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவர் தட்டை என் மடிக்கு மேலாக நீட்ட, மகள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த தடவையும் என்னால் ஓடையில் இறங்க முடியவில்லை. இப்போது வாங்கின் ஓரத்தில் உட்கார்கிறேன். கை நீட்ட அவர்களுக்குச் சிரமமாக இருக்கக் கூடாதல்லவா?