அட்டையில் பட்ட மஞ்சள்

பிறந்தநாளுக்கு அட்டை கொடுத்துக் கூப்பிடுவார்கள் என்பதே, பசுமலையில் இருந்த என் வகுப்புத்தோழி வீட்டுக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் தலைக்கு எண்ணெய், கோயிலில் ஓர் அர்ச்சனை, அதோடு சரி. அவள் வீட்டிலோ கூடம் முழுக்கக் காகிதச் சங்கிலி தொங்கியது. எல்லாம் அவளே வெட்டி ஒட்டியதாம். பொறாமையில் எனக்குக் கேக் தொண்டையில் இறங்கவில்லை. இறங்காவிட்டாலும் இரண்டு துண்டு தின்றேன்.

காளவாசலில் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். தங்கைக்கு ஐந்து வயது முடியப் போகிறது. அவளுக்கும் அப்படி ஒன்று நடந்தே தீர வேண்டும். எனக்குப் பத்து வயது; தடுப்பதற்கு ஆள் இல்லை. அம்மா மைதாவில் பசை காய்ச்சித் தந்தாள். பட்டத்தாளை நீள நீளமாக வெட்டி வளையம் வளையமாக ஒட்டினேன். பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் பலூன் வெட்டி ஒட்டி, தெருப் பிள்ளைகளுக்கு அழைப்பு அட்டை செய்தேன். ஞாயிறு மாலை ஐந்து மணி என்று எழுதப் போனபோதுதான் அம்மா குறுக்கே வந்தாள். அது ராகு காலம், காலை பத்து மணி என்று போடச் சொன்னாள். பலூன் ஊதுவதற்கெல்லாமா ராகு காலம் பார்ப்பார்கள் என்று முனகிக்கொண்டே எழுதினேன்.

ஓர் அட்டை மிஞ்சியது. அதை மாமாவுக்கு எழுதினேன். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் வீடு. தெப்பத் திருவிழாவில் என்னைத் தோளில் ஏற்றிக் காட்டியவர். ஆனால் அவரோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அப்பா ஊரில் உள்ளவர்களோடு சேர்த்து அவருக்கும் தபாலில் பத்திரிகை அனுப்பிவிட்டார். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டிய தாய்மாமன் அவர். ஆபீசில் லீவு இல்லை என்பது அப்பாவின் கட்சி. மாமா வரவில்லை. இந்த வீம்பில் மாட்டிக்கொண்டது தங்கையின் காது. மாமன் மடியில் உட்கார வைத்தல்லவா காது குத்த வேண்டும்? மூளிக் காதோடு திரிந்தாள். யாராவது கேட்டால் அம்மா, வைகாசியில் குத்தணும் என்பாள். எந்த வைகாசி என்று சொல்ல மாட்டாள்.

பெரியவருக்கு எழுதுகிறோமே என்று, வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து, 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பித்தேன். தங்கை பெயரைப் போட்டு, எங்கள் இல்ல விழாவுக்குச் சுற்றம் சூழ வருக என்று முடித்ததில் பிறந்தநாள் என்ற சொல்லுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. அந்த அட்டையை அடுக்கின் அடியில் ஒளித்து வைத்தேன். அம்மா எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று எல்லாவற்றையும் அடுப்படிக்கு வாங்கிக்கொண்டு போனாள். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தாள். கவனிக்கவில்லை போல. மாமாவின் அட்டையில்தான் மஞ்சள் கறை. பாவாடையில் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அழகான அட்டையைக் கெடுத்துவிட்டாளே என்று அம்மாமேல் ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு எங்களை அழைத்துப் போனாள். கும்பிட்டு முடித்ததும், கால் வலிக்கிறது என்று தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஒளித்து எடுத்து வந்த அட்டையோடு நைசாக நழுவி மாமா வீட்டுக்கு ஓடினேன். மாமா அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா எங்கே என்றார். சொன்னேன். தெருமுனை வரை வந்து குளத்துப் பக்கம் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்து மின்விசிறியிலிருந்து நான்கு மூலைக்கும் சங்கிலி இழுத்துக் கட்டியிருந்தேன். குளித்துவிட்டு வந்த அப்பா, பழக்க தோஷத்தில் சுவிட்சைப் போட்டார். என் ஒரு வார உழைப்பும் விசிறியில் சுற்றிக்கொண்டது. நான் ஓவென்று அழ, அப்பா ஸ்டூலில் ஏறி எட்டாமல் தடுமாற, வாசலில் மாமா நின்றார். பின்னால் அத்தை, சீர்த்தட்டோடு. அவர்களுக்குப் பின்னால் காது குத்தும் ஆசாரி.

மாமா பலூன்களைப் பார்த்தார். காகிதத் தொப்பி போட்ட பிள்ளைகளைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிவிட்டது.

"பொறந்தநாளா? மஞ்ச தடவிப் பத்திரிக வந்துச்சு. காதுகுத்துன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அத்தை தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார் என்று எனக்கு அழுகைகூட நின்றுவிட்டது. ஸ்டூலில் நின்றபடியே அப்பா அடுப்படியைப் பார்த்தார். அம்மா எதையோ மும்முரமாகக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மச்சான்" என்றார் அப்பா. "எனக்கு எட்டல. செத்த ஏறி இத அவுத்துவிடுங்க."

மாமா நல்ல உயரம். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஸ்டூலில் ஏறினார். சங்கிலி பாதிதான் பிழைத்தது. அந்தப் பாதிக்குக் கீழே, மாமா மடியில், வாய் நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு தங்கை வீறிட, காதுகுத்து நடந்தது. பிள்ளைகள் பயந்துபோய்க் கை தட்டினார்கள். சர்க்கரைப் பொங்கல் அத்தனை பேருக்கும் போக மிஞ்சியது. தெருவில் என்னைப்போல் விழா நடத்தியவர்கள் உண்டா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன், அட்டையில் கறை பட்டிருந்தும் மாமா நம்மைத் தப்பாக நினைக்கவில்லை என்று.

"சமையக்கட்டுல கை பட்டிருக்கும்" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

இனிமேலாவது கையைக் கழுவிவிட்டுத் தொடு என்று புத்தி சொன்னேன். சரி என்று கேட்டுக்கொண்டாள். ஓர் அட்டையில் மட்டும், அதுவும் நான்கு மூலையிலும் பிசகாமல், அந்தக் கை எப்படிப் பட்டது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.