போகிறவர்கள் பட்டியல்

ரயில் பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பாய்லர்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். எஞ்சின் கொதிகலன்களுக்கு ரிவெட் அடிப்பது அவர் வேலை. மூக்குக்கு மேல் கோபம் வருவது அவர் சுபாவம். இரண்டுக்கும் சேர்த்து வைத்த பட்டம் அது.

ரிவெட் அடிப்பது ஒற்றை ஆள் வேலையில்லை. பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகியதும், கொதிகலனுக்கு உள்ளே ஒருவர் இரும்புக் கட்டையால் முட்டுக்கொடுக்க வேண்டும். வெளியே நிற்பவர் சம்மட்டியால் அடித்து ஆணியின் தலையை மழுக்க வேண்டும். வெளியே பாய்லர்; உள்ளே, குனிந்து நுழையத் தோதான உடம்பால் ‘ஒல்லி’ என்று பட்டம் வாங்கிய கூட்டாளி. பதினெட்டு வருஷம் இப்படியே ஓடிற்று. இருவருக்கும் காது பாதி போயிருந்தது. பாய்லர் முஸ்லிம், ஒல்லி இந்து. அது தெரியாத சங்கதியல்ல. பேச வேண்டிய சங்கதியாக அது வரை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். முஸ்லிம்கள் ஒரு தேசமாம், இந்துக்கள் இன்னொரு தேசமாம். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் என்று எழுதித் தரச்சொல்லி ஆளுக்கொரு படிவம் வந்தது.

முதலில் வீட்டுக்கு வந்தது பாய்லர் மனைவியின் தம்பி. பள்ளிக்கூட வாத்தியார், மூட்டை முடிச்சுகளைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“மச்சான், நாம வேற தேசம், அவங்க வேற தேசம். என்னைக்குமே அப்படித்தான். நமக்குன்னு ஒரு தேசம் கெடச்சிருக்கு, கெளம்புங்க.”

“உங்க அக்காவும் நானும் இதே தெருவுல பொறந்தவங்க. நான் தொழுறது அல்லாவுக்கும் எனக்கும் உள்ளது. அதை வச்சு எவன் நிலத்துல கோடு போடுறான்?” என்றார் பாய்லர். வாத்தியார் முகம் சுண்டிப்போய் எழுந்து போனார்.

மறுநாளே பாய்லர் ‘இங்கேயே இருப்பேன்’ என்ற கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் பட்டறை வாசலில் போகிறவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். அதில் ஒன்பதாவது பெயர் அவருடையது.

அலுவலகத்தில் போய்க் கேட்டபோது தலைமை எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பேரைப் பார்த்தோம், போறவர்னு எழுதிட்டோம். ஒல்லியும் அப்படித்தான் சொன்னார். அதான் உங்களுக்குன்னு ஒரு தேசம் கெடச்சிருச்சே, அப்புறமென்ன?”

பாய்லருக்கு உச்சந்தலை வரை சூடேறியது. வாத்தியார் சொன்ன அதே வார்த்தை, ‘நமக்கு’ மட்டும் ‘உங்களுக்கு’ ஆகியிருந்தது.

“என் மச்சானும் இதையேதான் சொன்னான். நீங்களும் அவனும் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்க மாட்டீங்க. என்னைக் கெளப்புறதுல மட்டும் ரெண்டு பேரும் ஒரே கட்சி.”

அவர் எழுதிக் கொடுத்த படிவம் எங்கே என்று கேட்டார். தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். அங்கேதான் இன்னொன்றும் தெரிந்தது: பாய்லர் குடியிருந்த பட்டறை வீட்டைத் தனக்கு ஒதுக்கும்படி ஒல்லி முன்கூட்டியே மனுப் போட்டிருந்தார்.

ஒல்லி மறுக்கவில்லை. “எப்படியும் போயிடுவீங்கன்னு நெனச்சேன் அண்ணே. யாரோ ஒருத்தருக்குப் போறதுக்கு, நம்ம ஆளுக்கே கெடைக்கட்டுமேன்னு…”

“பதினெட்டு வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலயா உனக்கு?”



ஏழு மாதம் பாய்லர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வேலை நின்றது. வீடு கைமாறியது. மனைவியும் இரண்டு மகள்களுமாக ஒற்றை அறையில் முடங்கினார்கள். “உங்க கோபத்தை உலையில போட முடிஞ்சா நம்ம வீட்டுல தினமும் விருந்துதான்” என்பாள் மனைவி. ஆனால் ‘போய்விடலாம்’ என்று அவளும் ஒருநாள்கூடச் சொல்லவில்லை.

கடைசியில் பெயரை நீக்கி உத்தரவு வந்தது. தவறுதலாகச் சேர்க்கப்பட்டதாம். சேவைக் காலத்தில் ஏழு மாதத்தைக் கழித்துக்கொண்டதுதான் மிச்சம். பாய்லர் வேலைக்குத் திரும்பியதும் மேற்பார்வையாளர் பழையபடி ஒல்லியையே கொதிகலனுக்குள் இறக்கப் பார்த்தார். “வேற ஆளைப் போடுங்க” என்றார் பாய்லர், சம்மட்டியைத் தரையில் வைத்துவிட்டு.

அடுத்த வருஷம், அந்தப் பக்கம் போயிருந்த வாத்தியாரின் கடிதம் வந்தது. அங்கே அவர் பேசும் தினுசைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம், வந்தேறி என்கிறார்களாம். கணவர் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பார் என்று மனைவி எதிர்பார்த்தாள். அவரோ கடிதத்தைக் கசக்கி எறிந்தார். “அங்கேயும் அவன் அந்நியனா? அப்புறம் என்ன மண்ணாங்கட்டிக்கு இந்தக் கோடு?”

வெகுகாலம் கழித்து ஒல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தார். பாய்லர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டீ கொடுக்கச் சொன்னார். ஒல்லி தன்னை மன்னித்துவிடும்படி கேட்டார்.

“நீ கெட்டவன் இல்லன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் ஆற மாட்டேங்குது” என்றார் பாய்லர்.

ஒல்லி டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். பாய்லர் வாசல் வரை போகவில்லை.