வாசலோடு நிற்கும் ஹிசயோ

எந்த வீட்டுக்குப் போனாலும் ஹிசயோ காலணியைக் கழற்றுவதில்லை. வாசலில் நின்றபடியே விஷயத்தைக் கொட்டுவார். நீட்டிய தேநீரை நின்றே விழுங்குவார். "உள்ள வாங்கக்கா" என்றால், "உட்காந்தா எந்திரிக்க மனசு வராது. தலைக்கு மேல வேலை கிடக்கு" என்று அடுத்த வாசலுக்குப் பறந்துவிடுவார்.

சொந்தமாகச் சலவைக் கடை உண்டு. இஸ்திரிப் பெட்டியைப் புருஷன் தலையில் கட்டிவிட்டு, எண்ணெய்க் குப்பியோடு கடைத்தெருவைச் சுற்றுவார். மூடிக் கிடக்கும் ஷட்டர் ஒவ்வொன்றுக்கும் சில சொட்டு. "துருப்புடிச்சா அப்புறம் திறக்கணும்னு யாருக்குத் தோணும்?" பாதித் தெரு இருண்டு கிடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நிற்காத ஓட்டமெல்லாம் அதனால்தான்.

ஓடி ஓடியே கல்லூரிப் பிள்ளைகளையும் கூட்டுறவு வங்கியையும் கோயில் திருவிழாக் குழுவையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். சோயாக்கட்டி விற்று வந்த, இப்போது மூடிக் கிடக்கும் தோஃபு கடை பொதுச் சமையற்கூடம் ஆகும். பிள்ளைகள் சமைப்பார்கள், வங்கி அடுப்பு வாங்கித் தரும். மாதக் கடைசிக்குள் இடம் அமையாவிட்டால் பிள்ளைகளும் வங்கிக்காரர்களும் ஆற்றுக்கு அக்கரைத் தெருவுக்குப் போய்விடுவார்களாம். கடைத்தெருக்காரர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரே கைதட்டல். அந்தத் தோஃபு கடைக்காரர் தொகாஷி மட்டும் எழுந்தார். "கடைக்குப் பின்னாலதான் செத்துப்போன என் சம்சாரத்துக்கு வச்ச பூசை மாடம் இருக்கு. தர முடியாது."

அது சாக்கு, கோபம் வேறு என்று ஹிசயோவுக்கு உடனே புரிந்தது. இங்கே கூட்டம் என்பது வீடு வீடாகப் பேசி முடித்த பிறகு சும்மா தலையாட்டும் இடம். அத்தனை வாசலையும் மிதித்தவர், சலவைக் கடைச் சுவரை ஒட்டியிருக்கும் தொகாஷியிடம் மட்டும் போகவில்லை. நம்ம ஆள்தானே என்ற மெத்தனம்.

மறுநாள் காலையில் தொகாஷியின் வாசலில் நின்று ஹிசயோ மன்னிப்பை மூச்சுவிடாமல் சொன்னார். கிழவர் அசையவில்லை.

"ஊரெல்லாம் சுத்துற. பக்கத்து வீடு கண்ணுல படலையாக்கும்?"

"தப்புதாண்ணே. நீங்க மாட்டேன்னு சொல்ல மாட்டீங்கன்னு..."

"இப்பவும் பாரு, ஒரு கால் தெருவுல. அவ செத்தன்னைக்கு வந்ததோட சரி. அப்புறம் ஒரு ஊதுபத்தி ஏத்த உனக்கு நேரமில்ல. உனக்கு உசுருக்கு உசுரான சிநேகிதியாம்!"

ஹிசயோவின் கைப்பேசி அலறியது, வங்கிக்காரர். அணைத்துப் பைக்குள் போட்டார். குனிந்து காலணியைக் கழற்றினார். திரும்பிப் போக வாகாக அதைத் தெருப் பக்கம் திருப்பி வைப்பதுதான் எல்லோர் வழக்கமும். அவர் வீட்டைப் பார்த்தபடியே விட்டுவிட்டு, படியேறி உள்ளே போய் மாடத்தின் முன் உட்கார்ந்தார்.